சிங்கப்பூர்க் கொத்தனாரின் சம்சாரம்

செவந்தியின் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்று கண்டுபிடித்த டாக்டர் நல்ல மனிதர். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். "இனிமே தலையில பாரம் தூக்கக் கூடாதும்மா. தூக்குனீங்கன்னா கை மரத்துப் போயிரும். பேசாம வீட்ல ஓய்வா இருங்க" என்றார். வீட்டுக்குப் போனால் பெண்ணுக்கு ஓய்வு கிடைக்கும் என்று நம்புவதற்கு நிறையப் படித்திருக்க வேண்டும். டாக்டர் படித்திருந்தார்.

செவந்தி கட்டட வேலைக்குப் போகிறவள். கீரனூர்ப் பக்கம் புதிதாக எழும்பிய வீடுகளில் பாதி அவள் தலைமேல் ஏறித்தான் மேலே போயின. சேலைக்கு மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துணிச் சும்மாடு, அதன்மேல் கலவைச் சட்டி. கல்யாணமான மறுவருஷம் ஏறிய சட்டி, பிள்ளை பிறந்த மாதங்கள் தவிர இறங்கவில்லை.

இந்தத் தொழிலில் ஓர் ஒழுங்கு உண்டு. சுமை தூக்க ஆண் வந்தால் அவனுக்குப் பெரியாள் என்று பெயர். பெண் வந்தால் சித்தாள். இருவரும் தூக்குவது ஒரே சட்டியைத்தான் என்றாலும் பெயரிலேயே கூலி முடிவாகிவிடுவதால் வீண் தகராறு கிடையாது. பெரியாளாக வந்தவன் இரண்டு மூன்று வருஷத்தில் கரண்டி பிடித்துவிடுவான். கலவையை அள்ளிச் சுவரில் அடித்துப் பூசுகிற அந்தக் கரண்டி கைக்கு வந்த நாளிலிருந்து அவன் கொத்தனார். கூலி ஏறும், தலைச்சுமை இறங்கும். சித்தாளாக வந்தவள் சித்தாளாகவே இருப்பாள். இறங்குவது கழுத்து மட்டும். நாடு முழுக்க இப்படித்தான் என்று புள்ளிவிவரக்காரர்கள் வருஷாவருஷம் கண்டுபிடித்து வருத்தப்படுகிறார்கள். வருத்தப்படுவதற்குக் கூலி உண்டு, அதுவும் மாதச் சம்பளமாக.

செவந்திக்குப் பூசத் தெரியாதா என்றால், தெரியும். கொத்தனார்கள் டீக்கடைக்குப் போய் உட்கார்ந்துவிடுகிற நேரங்களில் பரணுக்கு உள்பக்கம், மாடிப்படிக்கு அடிப்பக்கம், ஓடு ஒட்டி மறைத்துவிடப் போகிற குளியலறைச் சுவர் எல்லாவற்றையும் அவளிடம் விட்டுவிட்டுத்தான் போவார்கள். அந்த வட்டாரத்தில் கண்ணில் படாத இடமெல்லாம் அவள் பூசியது. கண்ணில் படுவதெல்லாம் கொத்தனார் பூசியது.

ஆக, டாக்டர் சொன்னதை அவள் தன் பாஷையில் இப்படிப் புரிந்துகொண்டாள்: கரண்டி கைக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் பிழைப்பு போக வேண்டும்.

மேஸ்திரி நாகராசு ஆயுத பூஜைக்கு மண்வெட்டி, சுவர் நேர் பார்க்கிற தூக்குக்குண்டு எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்து வரிசையாக அடுக்குவார். அந்த வருஷம் யார் கொத்தனார் ஆகிறானோ அவனுக்கு வெற்றிலையில் வைத்துப் புதுக் கரண்டி கொடுப்பார். அது அவர் அப்பா காலத்துப் பழக்கம். செவந்தி பொரி வாங்குகிற சாக்கில் பக்கத்தில் போய் நின்றாள்.

"மேஸ்திரியண்ணே, இந்த வருசம் எனக்குக் கரண்டி குடுங்க."

நாகராசு வாயில் பொரியோடு சிரித்தார். "எதுக்கு, கொழம்பு ஊத்தவா?"

"அது வீட்ல நாலு கெடக்கு. எனக்குப் பூசுற கரண்டி வேணும். கழுத்து போச்சுண்ணே."

"அய்ய, பொம்பளையாளு கரண்டியோட சாரத்துல ஏறக் கூடாது புள்ள. ஆகாது."

"சட்டியோட தெனம் ஏறுறேனே, அது ஆகுதா?"

"அது வேற."

"எப்புடி வேற?"

நாகராசு நேர்மையானவர்; யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "சட்டியோட ஏறுனா ஒடனே எறங்கிருவ. கரண்டியோட ஏறுனா அங்கிட்டே நிப்பயில்ல?"

அந்த வருஷக் கரண்டி, தூக்குக்குண்டைத் தலைகீழாகப் பிடிக்கிற ஒரு பையனுக்குப் போயிற்று. அவன் அதை வாங்கிக்கொண்டு தீபாவளிக்கு முன்பே சென்னைக்குப் போய்விட்டான். மற்றவர்களும் கூலி கூடுதல் என்று திருச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். நாகராசுவிடம் வேலை இருந்தது, கொத்தனார் இல்லை. பூசத் தெரிந்த ஆள் ஒருத்தி பக்கத்துத் தெருவில் உட்கார்ந்து கழுத்துக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததைச் செய்வதென்றால் மேஸ்திரி எதற்கு?

அப்போதுதான் அவருக்கு ராசுவின் ஞாபகம் வந்தது.

ராசு செவந்தியின் புருஷன். இரண்டு வருஷம் சிங்கப்பூரில் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தான். அங்கே பெரிய கட்டட வேலையில்தான் இருந்தான். அதில் பொய்யில்லை. கட்டடத்தின் வாசலில் நின்று லாரி உள்ளே வந்தால் சிவப்புக் கொடியும் வெளியே போனால் பச்சைக் கொடியும் காட்டுவது அவன் உத்தியோகம். ஊரில் யாரும் என்ன வேலை என்று தோண்டிக் கேட்கவில்லை. சிங்கப்பூர் என்பதே ஒரு வேலை.

நாகராசு ஒரு சாயங்காலம் வீடு தேடி வந்தார். கீரனூரில் பேராசிரியர் ஒருவர் வீடு கட்டுகிறார், சுவர் எழும்பிவிட்டது, வெளிப்பூச்சுதான் பாக்கி என்று ஆரம்பித்தார்.

"சாரு ரொம்பக் கறாரான ஆளு. நல்ல கொத்தனாரா வேணும்ங்கிறாரு. நான் சொல்லிட்டேன், சிங்கப்பூர் கொத்தனாரு ஒருத்தரு வந்திருக்காருன்னு."

"யாருண்ணே அது?" என்று ராசு ஆவலாகக் கேட்டான்.

"நீதாம்ப்பா."

ராசு ஒரு கணம் திகைத்தான். அடுத்த கணம் நம்பிவிட்டான்.

"நீ கரண்டியப் புடிச்சுக்கிட்டு நில்லு. வேலைய ஒஞ் சம்சாரம் பாக்கட்டும். சார் வந்தா மட்டும் மாறிக்கங்க. கொத்தனார் கூலி ஒங்க வீட்டுக்குத்தான வருது, யாரு கையில வந்தா என்ன?"

"யாரு கையில வந்தா என்னன்னா எங்கையில குடுங்களேன்" என்றாள் செவந்தி.

"ஒனக்குக் குடுத்தா நாளைக்கு அத்தனை சித்தாளும் வந்து நிப்பாளுக. இந்தா பாரு, இந்த வீடு முடியட்டும். முடிஞ்சதும் அடுத்த வேலையில ஒன்னையவே கொத்தனாரா எறக்குறேன், ஒங்கூலி ஒங்கையில. இது மேஸ்திரி வாக்கு."

ஒரு வீடுதானே என்று செவந்தி கணக்குப் போட்டாள். சட்டி தூக்க அவள் தெருவிலிருந்தே கலைமதி என்ற பெண் சித்தாளாக வந்தாள். செவந்தியின் கழுத்து முதல் முறையாகச் சும்மாடு இல்லாமல் வேலைக்குப் போயிற்று.

பேராசிரியர் ரகுநாத் திருச்சி சாலையில் ஒரு தனியார் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுப்பவர். இந்தியாவில் பெண்களின் உழைப்புக்கு மதிப்பில்லை என்பதை ஆங்கிலத்தில் நிரூபித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். அதைத் தட்டச்சு செய்து கொடுத்தது மனைவி தேவிப்ரியா. அவரும் அதே பாடம் படித்தவர்தான். கல்யாணத்துக்கு முன் வங்கியில் இருந்தார், கணவருக்கு ஊர் மாறியபோது வேலையை விட்டார். நூலின் முன்னுரையில் தேவிப்ரியாவின் பொறுமைக்கு நன்றி சொல்லப்பட்டிருந்தது. இப்போது எதிர்வீட்டில் வாடகைக்குக் குடியிருந்துகொண்டு சிமெண்ட் இறக்குவது, கம்பிக்காரனோடு சண்டை போடுவது, காலை மாலை பூசிய சுவரை நனைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. யாராவது கேட்டால் ரகுநாத், "அவங்க சும்மா வீட்லதான் இருக்காங்க. நான்தான் தனியாளா வீடு கட்டிக்கிட்டு இருக்கேன்" என்பார்.

கல்லூரி விட்டதும் அவர் ஸ்கூட்டர் தெருமுனையில் ஹாரன் அடிக்கும். "அக்கா, சாரு!" என்று கலைமதி கீழேயிருந்து குரல் கொடுப்பாள். செவந்தி சாரத்திலிருந்து இறங்கிச் சட்டியைக் கையில் எடுத்துக்கொள்வாள். ராசு பீடியை அணைத்துவிட்டு ஏறுவான். பூசி முடித்து மினுங்குகிற சுவரை மறுபடி தடவிக்கொண்டிருப்பான். ரகுநாத் அண்ணாந்து பார்த்து நிற்பார்.

"பிரமாதம் கொத்தனார்! இதுதான் ஃபினிஷிங். எங்க கல்லூரி விடுதியில பாத்ரூமெல்லாம் பொம்பளையாளுங்களை விட்டுப் பூசியிருக்காங்க. அதுக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்க."

"கையில இருக்கு சார் தொழிலு" என்பான் ராசு.

அந்த விடுதியைப் பூசியது யார் என்று தெரிந்த செவந்தி சட்டியைத் தரையில் சற்றுப் பலமாக வைப்பாள்.

புகழ்ச்சி ராசுவுக்கு உடம்பில் ஒட்டியது. டீக்கடையில் கொத்தனார் என்று கூப்பிட்டால்தான் திரும்பினான். சிங்கப்பூரில் சுவரை எப்படிப் பூசுவார்கள் என்று வகுப்பெடுத்தான். மெல்லமெல்ல அவளுக்கே சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பித்தான். அவள் மேலே நின்று மட்டம் பார்க்கும்போது கீழே மணல்மேட்டில் சாய்ந்துகொண்டு, "ஏ புள்ள, இங்கிட்டு கொஞ்சம் மேடா இருக்கு பாரு. சமமா இழு" என்பான்.

"மேல வந்து இழுத்துக் காட்டுறது?"

"காட்டலாம்தான். அப்பறம் நீ எப்பத்தான் கத்துக்குறது?"

சிங்கப்பூர் உத்தியோகத்தைச் செவந்தியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்த கலைமதி சட்டியை இறக்கிவிட்டுச் சொன்னாள்: "மாமா, பச்சக் கொடி காட்டுங்க, நான் அடுத்த நடை போறேன்."

கூலி சனிக்கிழமை ராசுவின் கைக்கு வந்தது. அவன் அதிலிருந்து செவந்திக்கு ஒரு சித்தாளின் கூலியை எண்ணிக் கொடுத்தான். முதல் வாரம் அவள் ஆச்சரியத்தோடு நிமிர்ந்து பார்த்தாள். "கொத்தனாருக்குன்னு செலவு இருக்குல்ல" என்றான் அவன். வீடு முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பக்கச் சுவர்கள் முடிந்தன, பின்பக்கம் முடிந்தது. சாலையைப் பார்த்த முன்பக்கம் மட்டும் பாக்கி. தை மாதக் கடைசி முகூர்த்தத்தில் குடிபோவது என்று ரகுநாத் நாள் குறித்திருந்தார். அதை விட்டால் மாசியும் பங்குனியும் ஆகாது, சித்திரை வரை வாடகை. பெண்ணின் இரவு வேலையைத் தடை செய்கிற மூடநம்பிக்கைகள் பற்றிக் கட்டுரை எழுதியவர் அவர். ஆனால் முகூர்த்தம் மூடநம்பிக்கையில் சேராது.

இந்த நேரத்தில் அவர் கல்லூரியில் தேசியக் கருத்தரங்கு வந்தது. இந்தியத் தொழிற்சந்தையில் ஆண் பெண் ஏற்றத்தாழ்வு என்பது தலைப்பு. ஹைதராபாத்திலிருந்தும் கொச்சியிலிருந்தும் அறிஞர்கள் வந்து இறங்கினார்கள். எல்லாம் தயார், மேடையில் பொன்னாடை போர்த்த உழைக்கும் பெண் ஒருத்திதான் குறைவு. ரகுநாத்துக்குத் தன் வீட்டுச் சாரத்தடியில் ஒருத்தி சட்டியோடு நிற்பது ஞாபகம் வந்தது. அவர் பெண்ணுரிமை தெரிந்தவராகையால் நேரே ராசுவிடம் போய் அனுமதி கேட்டார்.

"கொத்தனார், உங்க சம்சாரத்தை வெள்ளிக்கிழமை ஒரு நாள் அனுப்ப முடியுமா? பெண் சுதந்திரம் சம்பந்தமா ஒரு நிகழ்ச்சி."

"தாராளமா கூட்டிட்டுப் போங்க சார்" என்றான் ராசு.

செவந்தி புறப்படும்போது அவனிடம் கண்டிப்பாகச் சொன்னாள். "முன்பக்கத்துல கை வைக்காதீங்க. நான் நாளைக்கு வந்து பூசிக்கிறேன். பின்னாடி எங்கயாச்சும் தடவிக்கிட்டு இருங்க, போதும். இது கெட்டுச்சுன்னா மேஸ்திரி வாக்கும் போச்சு."

"எனக்கே சொல்றியா?" என்றான் சிங்கப்பூர்க் கொத்தனார்.

கருத்தரங்க மண்டபம் குளிரூட்டப்பட்டது. செவந்தி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஒருவர் படம் போட்டு, வேலைக்குப் போகிற பெண்களின் கணக்கைக் கோடாகக் காட்டினார், கோடு கீழே போயிற்று, எல்லோரும் முகம் சுளித்தார்கள். இன்னொருவர் அது கீழே போகவில்லை, அளக்கிற விதம்தான் தப்பு என்றார், எல்லோரும் நிம்மதியானார்கள். டீயையும் பிஸ்கட்டையும் கொண்டுவந்து நீட்டியவர்கள் எல்லோரும் பெண்கள். மாணவியருக்கு வரவேற்புக் குழு என்று பெயர். கடைசியில் செவந்தியை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். ரகுநாத் மைக்கை அவள் வாயருகே பிடித்து, "உங்க ஆசை என்னன்னு பயப்படாம சொல்லுங்கம்மா" என்றார்.

அவள் பயப்படவில்லை. "எனக்குக் கொத்தனார் கூலி வேணும் சார். அத எங்கையில குடுக்கணும்" என்றாள்.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவர் ரகுநாத். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இதுதான் அடித்தளத்தின் குரல்! இந்தக் குரலுக்கு நம்மிடம் என்ன பதில் இருக்கிறது?" என்று முழங்கினார். பதிலை யாரும் எதிர்பார்க்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது.

அதே நேரத்தில் கீரனூரில் ராசு முன்சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். பெண்டாட்டி தன்னை நம்பவில்லையே என்று அவனுக்கு மனசு ஆறவில்லை. இத்தனை நாள் பார்த்தாயிற்று, இத்தனை பேருக்குச் சொல்லியும் கொடுத்தாயிற்று, இதில் என்ன இருக்கிறது?

"மாமா, வேணாம். அக்கா வரட்டும்" என்றாள் கலைமதி.

"நீ கலவையக் கொண்டா. சித்தாளு சித்தாளா இரு."

பூசுவதற்கு முன் செங்கல்லை நனைக்க வேண்டும் என்பது அவன் பார்த்ததில் விட்டுப்போன ஒன்று. ஒரே நாளில் முடிக்கும் உற்சாகத்தில் கலவையைக் கனமாக அப்பினான். மதியத்துக்குள் முன்பக்கம் மூடிவிட்டது. கொஞ்ச தூரத்திலிருந்து பார்க்க நன்றாகவே இருந்தது. கொடியையும் அவன் எப்போதும் தூரத்திலிருந்து பார்ப்பதற்குத்தான் காட்டியிருந்தான்.

சாயங்காலம் ரகுநாத் இரண்டு அறிஞர்களைக் கல்லூரிக் காரில் அழைத்துக்கொண்டு வீட்டைக் காட்ட வந்தார். பொன்னாடையோடு செவந்தியும் முன்சீட்டில் வந்தாள். கார்க் கதவு சாத்திய சத்தம் அடங்குவதற்குள் மேல்மூலையிலிருந்து ஒரு பாளம் கழன்று சாரத்தில் மோதி விழுந்தது. பிறகு அதற்குப் பக்கத்துப் பாளம். பிறகு, யாரோ ஜமக்காளத்தை உருவுவதுபோலச் சுவரின் பாதி சரிந்து இறங்கியது. தலையில் தூசியோடு ராசு சாரத்தில் கரண்டியைப் பிடித்தபடி நின்றான். கீழே கலைமதி ஒதுங்கித் தப்பினாள்.

"என்னய்யா இது?" என்று ரகுநாத் கத்தினார். "இத்தனை நாள் அவ்வளவு நல்லாப் பூசுனியே!"

"அது அக்கா பூசுனது சார்" என்றாள் கலைமதி. அவளுக்கும் அன்று பொறுமை தீர்ந்திருந்தது.

"எது?"

"எல்லாமே சார். நீங்க ஹாரன் அடிச்சா மாமா ஏறுவாரு."

ரகுநாத் பக்கச் சுவருக்குப் போனார். நேற்று அவர் சிலாகித்துத் தடவிக்கொடுத்த அதே இடத்தை மறுபடி தடவினார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இங்க லேசா மேடு பள்ளம் தெரியுதே" என்றார்.

போன் போட்டு வரவழைக்கப்பட்ட நாகராசு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மேஸ்திரி, சித்தாள் பூசின வேலைக்குச் சிங்கப்பூர் கொத்தனார் கூலி வாங்கியிருக்கீங்க. ஆரம்பத்துலேர்ந்து வித்தியாசத்தைக் கழிச்சுக்குவேன்."

"சார், செவுரு என்னமோ அதே செவுருதான..."

"செவுரு பிரச்சினையே இல்ல. இது கொள்கைப் பிரச்சினை."

செவந்தி பொன்னாடையை மடித்துக் காரின்மேல் வைத்துவிட்டு முன்னால் வந்தாள். "சார், மத்தியானம் நீங்கதான கைதட்டுனீங்க?"

"அது வேறம்மா. அது தேசிய அளவுல பேசறது."

"இது கீரனூருங்களா?"

ஹைதராபாத் அறிஞருக்குத் தமிழ் தெரியாது. கொச்சிக்காரர் பாதி புரிந்து மீதியைப் புரியாததுபோல் பார்த்துக்கொண்டார். ராசுதான் அதிகம் துடித்தான். "அப்ப எனக்குச் சித்தாள் கூலியா? ஊர்ல நான் எப்புடித் தலை காட்டுறது?" என்று மேலேயிருந்தே கேட்டான்.

"முன்பக்கம் நான் பூசித் தாரேன். முகூர்த்த நாளுக்குள்ள முடிச்சிருவேன்" என்றாள் செவந்தி. "கொத்தனார் கூலி, எங்கையில. சம்மதம்னா சொல்லுங்க. இல்லைன்னா நாளைக்கு நான் வரல."

"யோசிக்கலாம்" என்றார் ரகுநாத். அவர் தொழிலில் அதற்கு முடியாது என்று அர்த்தம்.

அன்று தேவிப்ரியா கணவரிடம், "அவளையே விட்டுருங்க. அவ பூசறதைத் தினம் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

"பார்த்துக்கிட்டேவா இருந்த? என்கிட்ட ஏன் சொல்லல?"

"செவுரு நேரா இருந்துச்சு. வேற என்ன சொல்லணும்?"

"தேவி, கூலி எப்படி நிர்ணயமாகுதுன்னு உனக்குத் தெரியாது. வேலைக்குப் போறவங்களுக்குத்தான் அது புரியும்" என்றார் ரகுநாத்.

நாகராசு மாவட்டம் முழுக்கக் கொத்தனார் தேடினார். தைக் கடைசி முகூர்த்தம் ஊர் முழுக்க ஒரே நாளில் வருகிறது என்பதால், எல்லாக் கொத்தனாரும் யாராவது ஒருவர் வீட்டை அவசரமாகப் பூசிக்கொண்டிருந்தார்கள். செவந்தி வீட்டிலேயே இருந்தாள். கடைசியில் புதுமனை புகுவிழா ஒரு பிரமாண்டமான ஃபிளக்ஸ் பேனருக்குப் பின்னால் நடந்தது. ரகுநாத்தும் தேவிப்ரியாவும் கும்பிட்டபடி மாடி உயரத்துக்கு நின்று விருந்தினரை வரவேற்றார்கள். செவந்தி கேட்ட கூலியைவிடப் பேனருக்குச் செலவு அதிகம் என்று பின்னால் தெரியவந்தது. காற்றடித்தபோதெல்லாம் பேராசிரியரின் முகம் உப்பி விலகி, உள்ளேயிருந்து பூச்சு உதிர்ந்த செங்கல் எட்டிப் பார்த்தது. வந்தவர்கள் கேசரி நன்றாயிருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

செவந்தி நாகராசுவிடம் வாக்கைக் கேட்டாள். அவர் வருத்தத்தோடு தலையாட்டினார். "வீடு முடிஞ்சாத்தான்னு சொன்னேன். முடியலையே, புள்ள." சட்டி வேண்டுமானால் தருவதாகச் சொன்னார். அவள் கழுத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுத் திரும்பினாள். அதன்பிறகு பல வாரங்கள் அவள் டாக்டர் சொன்ன ஓய்வை எடுத்தாள்: ரேஷனுக்கு நின்றாள், ஆடு மேய்த்தாள், குடத்தை இடுப்பில் சுமந்தாள். ராசு பழைய கொத்தனார் என்ற முறையில் டீக்கடையில் இருந்தான்.

அவளுக்கு நியாயம் கிடைத்தது கொள்கையே இல்லாத ஒரு மனிதரிடமிருந்து. விராலிமலையில் நெடுஞ்சாலையோரம் லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்த ஒரு வியாபாரி நாகராசுவைக் கூப்பிட்டு, "பேயி வந்து பூசுனாலும் சரிய்யா. பங்குனி உத்திரத்துக்குள்ள எனக்கு ரூம்பு வேணும்" என்றார். பெண்களைப் பற்றி அவருக்கு எந்தக் கருத்தும் கிடையாது. நாகராசு மறுபடி வீடு தேடி வந்தார்.

"கொத்தனாராவே எறக்குறேன், வா."

"எல்லாருக்கும் முன்னால, எங்கையில" என்றாள் செவந்தி. "மறைவா குடுக்குறது, வீட்டுக்காரர்கிட்ட குடுக்குறது, அதெல்லாம் வேணாம்."

"சரி, வாம்மா."

ராசுவும் வந்தான், பெரியாளாக. சட்டி தூக்கக் கலைமதியும் வந்தாள். அந்த வாரம் லாட்ஜின் மேல்தளம் முழுக்க செவந்தி பூசினாள். கூட இருந்த இரண்டு திருச்சிக் கொத்தனார்கள் முதல்நாள் கேலி பேசினார்கள், இரண்டாம்நாள் அவளிடம் தூக்குக்குண்டு இரவல் கேட்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் நாகராசு படிக்கட்டில் உட்கார்ந்து கூலி கொடுத்தார். கொத்தனார்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார், பிறகு பெரியாள்களை. சித்தாள்களுக்குப் பேர் கிடையாது, "பொம்பளையாளெல்லாம் வாங்க" என்பதோடு சரி. திருச்சிக்காரர்கள் வாங்கினார்கள். அடுத்து நாகராசு வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. பிறகு பழகிய தடத்தில் நாக்கு தானாக ஓடிவிட்டது.

"ராசு, இந்தா. ரெண்டு பேருக்கும் சேத்து."

ராசுவின் கையும் பழகிய கைதான். வாங்கிக்கொண்டது.

செவந்தி சாரத்தில் உட்கார்ந்திருந்தாள். இறங்கவில்லை.

"எறங்கு புள்ள, கீரனூர் பஸ்ஸு போயிரும்" என்றார் நாகராசு.

"எனக்கு இன்னும் கூலி வரலையேண்ணே."

"ராசுகிட்ட குடுத்துட்டேன்ல?"

"அவருக்குக் குடுத்தீங்க. எனக்கு?"

நெடுஞ்சாலையில் லாரிகள் போயின. திருச்சிக் கொத்தனார் ஒருவன் பீடி பற்றவைத்தபடி ராசுவுக்குக் கேட்கும்படியாக மற்றவனிடம் சொன்னான்: "நம்ம சிங்கப்பூரு குடுத்து வச்சவரு மாப்ள. பொண்டாட்டி பூசுறா, இவரு வாங்குறாரு."

"நம்ம பொண்டாட்டிக்கும் கத்துக் குடுத்துற வேண்டியதுதான். நாமளும் கை நீட்டிக்கிட்டு நிக்கலாம்."

ராசுவின் காது சிவந்தது. நியாயம் என்று எத்தனை பேர் எத்தனை நாள் சொல்லியிருந்தாலும் அவன் காதில் ஏறியிருக்காது, இது ஏறியது. கையிலிருந்ததில் தன் கூலியைப் பிரித்துக்கொண்டு மிச்சத்தை நாகராசுவின் மடியில் போட்டான். "பொண்டாட்டி கூலி வாங்கித் திங்கிற ஆளில்ல நான்! அவளுதை அவகிட்ட குடுங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். இவ்வளவு நாள் வேறு யாரோ வாங்கித் தின்றதைப் போல.

நாகராசு தொண்டையைச் செருமினார். அப்பா காலத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லப் போகிறவரின் சங்கடம் முகத்தில் தெரிந்தது.

"கொத்தனார்... செவந்தி."

அவள் அவசரமில்லாமல் இறங்கி வந்து வாங்கிக்கொண்டாள். எண்ணிப் பார்த்தாள். சரியாக இருந்தது. அது அவளுக்கே சற்று ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும். ஒரு சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள்.

சண்டை வேறு இடத்திலிருந்து வந்தது. "பொம்பளையாளெல்லாம் வாங்க" என்று நாகராசு சொன்னபோது கலைமதி நகரவில்லை.

"மாமா கூலி எவ்வளவு மேஸ்திரி?"

"அது பெரியாள் கூலி. ஒனக்கு எதுக்கு?"

"அவரு ஒரு நடை போனா நான் ரெண்டு நடை போனேன். நடுவுல பீடிக்கு எறங்குனதும் நான் இல்ல."

"ஒருத்திக்குக் குடுத்தா இப்புடித்தான்னு அன்னைக்கே சொன்னேன்" என்று நாகராசு பொதுவாக எல்லோரிடமும் முறையிட்டார். திருச்சிக்காரர்கள் அனுதாபத்தோடு தலையாட்டினார்கள்.

கீரனூர் பஸ் சாலையில் வந்து நின்று ஹாரன் அடித்தது. செவந்தி கூலியை முந்தானையில் முடிந்துகொண்டு கலைமதியின் பக்கத்தில் மணல்மேட்டில் உட்கார்ந்தாள்.

"நீங்க ஏறிப் போங்க" என்றாள் புருஷனிடம். "போயி ஒலை வையுங்க. நாங்க வர நேரமாகும்."

ராசு சுற்றுமுற்றும் பார்த்தான், யாருக்காவது கேட்டிருக்குமோ என்று. எல்லோருக்கும் கேட்டிருந்தது.